குறுக்கே பேசாத நீதிபதி

என் மனைவி சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் நீதிபதியாக இருந்தேன். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில், பந்தலுக்குக் கீழே, பழம் அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பேன். எதிரே இரண்டு கல்தூண்களுக்கு நடுவே அவள் நிற்பாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மாண்பமை நீதிபதி அவர்களே" என்று ஆரம்பிப்பாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்னை அப்படிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். இப்போது நிஜமான நீதிபதிகளையே தினமும் அப்படிக் கூப்பிடுகிறாள். நான் பழையபடி மாமா ஆகிவிட்டேன்.

அவள் என் தாய்மாமன் மகள். உத்தமபாளையத்தில் கல்லூரிக்குப் போய் பி.ஏ. வரலாறு படித்தவள். அதை முடித்ததும் வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சட்டக் கல்லூரி என்றால் மதுரைதான். "மதுரையில போயி ஹாஸ்டல்ல கெடந்து படிச்சு நீ யாரை ஜெயிலுக்கு அனுப்பப் போற" என்று என் தாய்மாமன் சொல்லிவிட்டார். அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் இதை என்னிடம் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. போன வருடம் மழை குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னாள். தலையை ஆட்டினேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். பேச்சு என்றால் எனக்குப் பயம் இல்லை, சின்ன வயதிலிருந்தே கூச்சம். பழம் வாங்க வியாபாரிகள் தோட்டத்துக்கு வந்தால் மோட்டார் ரூம் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விடுவேன். அவள்தான் நின்று பேசி முடிப்பாள். பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து எங்கே என்று கேட்டால்கூட அவள்தான் ஊர் பேர் சொல்வாள். வீட்டில் இருக்கிற பேச்சையெல்லாம் அவள் பேசினாள். கேட்கிற வேலை என்னுடையது. இருபது வருடத்துக்கு மேல் அப்படி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மகன் வேலைக்குத் திருப்பூர் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. அதற்குள் தேனிக்குப் பக்கத்திலேயே சட்டக் கல்லூரி வந்துவிட்டிருந்தது. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தேனியிலிருந்து திரும்பும்போது, கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் சிலர் பஸ்ஸில் ஏறினார்கள். சின்னமனூர் தாண்டும் வரை அவள் அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, அந்தக் கடைசி சீட்டுல இருக்கிற பொம்பளைய பாத்தீகளா. என் வயசு இருக்கும்."

நான் திரும்பிப் பார்த்தேன். தலை நரைத்த ஒரு அம்மாள், மடியில் தடித்த புத்தகம்.

"அவுகளும் அங்கனதான் படிக்கிறாகளாம். ஏறும்போது கேட்டுட்டேன். டிகிரி இருந்தாப் போதும், வயசு ஒண்ணும் கெடையாதாம்."

நான் தலையை ஆட்டினேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த வருடமே விண்ணப்பம் போட்டாள். இடமும் கிடைத்தது.

பக்கத்து வீட்டில் என் அக்கா இருக்கிறாள். எனக்குக் கிடைக்காத பேச்சையும் சேர்த்து அவளுக்குக் கடவுள் கொடுத்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அவள் வாசலில் நின்று என்னிடம் கேட்டாள்: "ஏலே தம்பி, மருமக எடுக்கிற வயசுல இவ கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு காலேஜுக்குப் போறாளாக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது. "மருமக வரட்டும் மதினி. அவளுக்கும் ஒரு கோட்டு தச்சிருவோம்."

காலையில் டவுன் பஸ்ஸில் கம்பம், அங்கிருந்து தேனி பஸ். நான் சோறு வடிக்கப் பழகினேன். குழம்பு கடைசி வரை கைகூடவில்லை. சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போக மாட்டாள், நேரே தோட்டத்துக்குத்தான் வருவாள். பையை மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட்டு என்கூடவே இலை கிள்ளிக்கொண்டு அன்றைக்கு நடந்த பாடத்தைச் சொல்வாள். ஒருவன் வாக்குக் கொடுத்தால் அது எப்போது ஒப்பந்தமாகும், எப்போது வெறும் வாய்ப்பேச்சாக நிற்கும். கூட இருந்து பார்த்தவனும் குற்றவாளியா. தண்ணீர் போகிற வாய்க்காலில் பக்கத்துத் தோட்டக்காரனுக்கு என்ன உரிமை. "புரியுதா மாமா" என்று நடுவில் கேட்பாள். புரிந்தாலும் தலையை ஆட்டுவேன், புரியாவிட்டாலும் ஆட்டுவேன். பந்தல் தாழ்வானது. நான் குனிந்துதான் நடப்பேன். அவள் குள்ளம், நிமிர்ந்து நடப்பாள். இலைக்கூட்டத்துக்கு அடியில் அவள் குரல் வெளியே போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் பன்னீர் திராட்சை பழுக்கிற வாசனை வருகிறது.

இரண்டாம் வருடத்தில் மாதிரி நீதிமன்றம் வந்தது. இல்லாத ஒரு வழக்கைக் கல்லூரியில் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு மாணவர் ஒரு பக்கம், இன்னொருவர் எதிர்ப்பக்கம். ஓய்வு பெற்ற நிஜ நீதிபதி ஒருவரை அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். யாருக்கு எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கிச் சொல்வார்கள். பரீட்சை எழுதுவதுபோல இதற்கும் மார்க் உண்டு.

அவர்களுக்குக் கொடுத்த வழக்கு இதுதான். கணவனை இழந்த ஒரு தாய் தன் பேரில் இருந்த நிலத்தையும் வீட்டையும் மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிடுகிறாள். கொஞ்ச நாளில் மகன் அவளைக் கவனிப்பதை விட்டுவிடுகிறான். கடைசி வரை பார்த்துக்கொள்வான் என்று நம்பித்தான் எழுதினேன், அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யுங்கள் என்று தாய் கேட்கிறாள். ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் எழுதப்படவில்லை. என் மனைவிக்குத் தாயின் பக்கம் வந்தது.

அதைப் பேசிப் பழகத்தான் என்னைப் பெட்டியின் மேல் உட்கார வைத்தாள். பந்தலில் இலை அடர்ந்து இருந்த நேரம். ரோட்டில் போகிறவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. அதனால் எனக்கும் சம்மதமாக இருந்தது. அவள் பேசினாள் என்றால் மூச்சு விடாமல் பேசுவாள். அந்தத் தாய் யாரோ, எந்த ஊரோ, நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். முடித்துவிட்டு, "எப்படி மாமா" என்பாள். தலையை ஆட்டுவேன். மறுநாள் இன்னும் வேகமாக, இன்னும் நன்றாகப் பேசுவாள். நான் அதைவிட வேகமாக ஆட்டுவேன். இருவருக்கும் அவள் தேறிவிட்டாள் என்றுதான் நினைப்பு.

வழக்கு நாளன்று நான் போகவில்லை. அன்றைக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக்கு வரவும் இல்லை. இருட்டும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலேயே சொன்னாள்.

அவள் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும்போதே நீதிபதி பேனாவைத் தூக்கி, "அந்த நிபந்தனை பத்திரத்துல எங்க இருக்கும்மா" என்று கேட்டிருக்கிறார்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா மாமா. 'இருங்க, சொல்லிக்கிட்டுதான வர்றேன்' அப்படின்னுட்டேன். வீட்டுல பேசுற மாதிரி."

ஹால் முழுக்கச் சிரித்திருக்கிறது. "நீங்க வர்ற வரைக்கும் நான் இருக்கணும், இல்லையா" என்று நீதிபதியும் சிரித்துவிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை. ஆனால் நடுவில் நிறுத்தியதும் விட்ட இடம் தெரியவில்லை. கரண்டு போய் வந்தால் மோட்டார் மறுபடி முதலிலிருந்து தண்ணீர் இழுக்கிற மாதிரி, "மாண்பமை நீதிபதி அவர்களே" என்று திரும்பத் தொடங்கியிருக்கிறாள். அவர் நிறுத்தியிருக்கிறார். மறுபடியும் தொடங்கியிருக்கிறாள். பிறகு பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எதுத்தாப்ல பேசினது சின்னப் பய. என் மகனைவிட இளசு. அவன் நிறுத்தி நிறுத்தி அழகாப் பேசினான்" என்றாள்.

மறுநாள் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. அதற்கடுத்த நாளும் கிளம்பவில்லை. கோட்டை மடித்து பீரோவில் அடித்தட்டில் வைத்துவிட்டாள். படித்ததை எழுதுவது ஒன்று, நின்று பேசுவது ஒன்று, தனக்கு இரண்டாவது வராது போலிருக்கிறது என்றாள். கல்லூரி ஆசிரியை போன் செய்தார். சரியாகப் பேசாதவர்களுக்கு அடுத்த மாதம் இன்னொரு வாய்ப்புத் தருகிறார்கள், அதே வழக்கு, ஆனால் பக்கம் மாற்றிப் பேச வேண்டும் என்றார். தாயின் பக்கம் பேசியவர் இந்த முறை மகனின் பக்கம்.

போனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்து அடித்தட்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இந்த ஒரு தடவை போறேன் மாமா. அங்கனயும் உக்காந்துட்டேன்னா, கோட்டை யாருக்காச்சும் குடுத்துட்டுத் தோட்டத்தோட இருந்துக்கிறேன். அதுக்கப்புறம் நீங்களும் போகச் சொல்லக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுதான் மாமா வினை. ஒரு தடவையாச்சும் குறுக்க ஏதாவது கேட்டீகளா. எந்த ஊர்ல ஜட்ஜ் இப்படி உக்காந்திருப்பாக, கோயில் மாடு மாதிரி தலைய ஆட்டிக்கிட்டு? நானும் எல்லா ஜட்ஜும் எம் புருசன் மாதிரி இருப்பாகன்னு நெனைச்சுப் போயிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை. நான் பிறந்ததிலிருந்து யார் பேச்சிலும் குறுக்கிட்டது கிடையாது. டீக்கடையில் காசு கொடுத்துவிட்டு, டீ போடுகிறவர் பேசி முடிக்கட்டும் என்று டீ இல்லாமல் நின்றவன் நான். இப்போது அவள் பேச்சைக் குறுக்கே வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் அவள் படிப்பு நிற்கும்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். ஆனால் அதற்குள் கவாத்து முடிந்திருந்தது. கொடியை எல்லாம் வெட்டிவிட்டதால் பந்தலில் ஒரு இலை இல்லை. கம்பியும் கல்தூணும் தலைக்கு மேல் வானமும்தான். தோட்டத்தை ஒட்டிய மண் ரோட்டில் போகிற ஆடுகூட எங்களைப் பார்க்கலாம். நீதிமன்றத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "கோர்ட்டுன்னா நாலு பேரு பாக்கத்தான் செய்வாக" என்று சொல்லிவிட்டாள்.

அவள் பேசத் தொடங்கினாள். நான் ஏதாவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைப்பு வாய் வரைக்கும் வரவில்லை. கடைசியில் கையைத் தூக்கினேன்.

"என்ன மாமா?"

"ஒரு கேள்வி."

"ஜட்ஜ் கையத் தூக்க மாட்டாக. நாங்கதான் தூக்கணும். சரி கேளுங்க."

அதற்குள் கேள்வி மறந்துவிட்டது. அடுத்த நாள் இருமிப் பார்த்தேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டு மோட்டார் ரூமிலிருந்து தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தாள். அந்த நேரத்தில்தான் மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்களின் ஜீப் வந்தது. தோட்டத்துப் பக்கம் வந்ததும் வேகம் குறைந்தது.

"ஏடி, அங்கன பாரு. புருசனைப் பொட்டி மேல உக்கார வச்சு ஒரு பொம்பள வஞ்சுக்கிட்டு இருக்கு."

"பாவம், அந்தண்ணே என்ன தப்புப் பண்ணுச்சோ."

"எங்க வீட்டு ஆளு ஒரு நாளு இப்படி உக்காந்து கேட்டா நான் ஏன்டி மலைக்கு வேலைக்கு வர்றேன்."

ஜீப் முழுக்கச் சிரிப்பு. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. என் மனைவி அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, "கோர்ட்டு நடக்குது, சத்தம் போடாதீக" என்றாள். மறுநாளிலிருந்து ஜீப் அந்த இடத்தில் நின்றே போனது. இரண்டு பேர் இறங்கி வேலியோரம் வந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக்கூடப் போனார்கள்.

என்னை வைத்து ஆகாது என்று தெரிந்ததும் அவளே அக்காவைக் கூப்பிட்டாள். குறுக்கே பேச ஊரில் அக்காவைவிட ஆள் கிடையாது. அக்கா பெட்டியின் மேல் உட்கார்ந்து, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "ம், சொல்லு" என்றாள்.

"மாண்பமை நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் மேற்படி தாயின் மகன்..."

"நில்லு. சோறு போடாத பயதானே அவன்?"

"ஆமா மதினி. அவருக்காகத்தான் நான்..."

"அவரு என்ன அவரு. அவன்னு சொல்லு. ஏன்டி, போன மாசம் அந்த அம்மாவுக்குத்தானே பேசின. அந்தப் பய உனக்கு என்ன குடுத்தான், இந்தப் பக்கம் வந்துட்ட?"

"காலேஜுல பக்கம் மாத்திக் குடுத்துட்டாக மதினி. ரெண்டு பக்கத்துக்கும் பேச ஆளு வேணும்ல."

"அவனுக்கு எதுக்கு ஆளு. பத்திரத்தைக் கிழிச்சு அவன் மூஞ்சில எறி. நிலம் அம்மாவுக்குத்தான். தீர்ப்பு ஆயிருச்சு, எந்திரி, போவோம்."

என் மனைவி இரண்டாவது வாக்கியத்துக்குப் போகவே இல்லை. ஆனால் அக்கா விடவில்லை. மறுநாளும் வந்தாள். அந்தத் தாய்க்கு வேறு பிள்ளை உண்டா, மருமகள் எந்த ஊர், எழுதிக் கொடுத்த அன்றைக்கு யார் யார் கூட இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, இது காலேஜில் எழுதிக் கொடுத்த கதை என்றால் நம்ப மாட்டாள். "கதையில கூடவா ஒருத்தி இப்படிப் பட்டினி கெடக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு என் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்கா போன அன்றைக்கு நான் மறுபடி பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். கவாத்து வெட்டிய கணுக்களில் சிவப்பாகத் தளிர் முளைத்திருந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் நீதிமன்றம் பார்க்க வேண்டும், எழுதாத நிபந்தனையைக் கொண்டுவந்து நுழைக்க முடியாது, என் கட்சிக்காரருக்கு நிலம் முழுமையாகச் சொந்தமாகிவிட்டது என்றாள். நன்றாகத்தான் பேசினாள். எனக்கு அக்கா சொல்லிவிட்டுப் போனது மனதிலேயே நின்றது.

"அப்ப அந்தம்மா எங்கன போயி சாப்பிடும்?" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஜீப் ஆட்கள் வேலியோரம் நின்றிருந்தார்கள். அதுகூட அப்புறம்தான் தெரிந்தது. அவள் மறுபடி "மாண்பமை" என்று ஆரம்பிக்கப் போனாள். ஆரம்பிக்காமல் நிறுத்திக்கொண்டாள். தூணில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"சாப்பாடு வேற வழக்கு, ஐயா" என்றாள் மெதுவாக. "ஜீவனாம்சம் கேக்க அந்தத் தாய்க்கு உரிமை உண்டு. குடுக்க என் கட்சிக்காரர் கடமைப்பட்டவர். அதை நான் மறுக்கலை. ஆனா சாப்பாடு போடலேங்கிறதுக்காக நிலம் திரும்பி வராது." அப்படியே விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள்.

வேலியோரம் நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "நல்லாத்தான் சொல்லுது. ஆனாலும் அந்தப் பயல எனக்குப் பிடிக்கல" என்றாள்.

முதல் கேள்விதான் கஷ்டம். அதற்குப் பிறகு எனக்கு வாய் வந்தது. நான் கேட்டதெல்லாம் பெரிய கேள்விகள் இல்லை. யார் சொன்னா, எப்ப சொன்னா, நீ அப்ப அங்கன இருந்தியா என்கிற மாதிரி. சிலது வழக்குக்குச் சம்பந்தமே இல்லாதது. "மழை வருமா" என்றுகூட ஒரு நாள் நடுவில் கேட்டேன். "அது இந்த நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்குள் வராது ஐயா" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். அந்த மாதம் நாங்கள் சிரித்த சிரிப்பு, கல்யாணமான புதிதில்கூடச் சிரித்ததில்லை.

இரண்டாவது முறை நானும் தேனிக்குப் போனேன். அவள் கூப்பிடவில்லை. நானாகவே சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றேன். அவள் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டே வந்தாள். வீரபாண்டி தாண்டியதும் அதையும் நிறுத்திவிட்டாள்.

ஹாலில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இடம் பார்த்து உட்கார்ந்தேன். அதே நீதிபதிதான் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடி மூக்கின் நுனியில் நின்றது. அவள் எழுந்து நின்றாள். கோட்டில் அவளை நான் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. வேறு யாரோ போல இருந்தாள். கொஞ்சம்தான் பேசியிருப்பாள். அவர் பேனாவைத் தூக்கினார்.

"அம்மா, உங்களை எனக்கு ஞாபகம் இருக்கு. போன மாசம் இதே இடத்துல நின்னு, எழுதலேன்னாலும் அந்த நிபந்தனை உண்டுன்னு சொன்னீங்க. இப்ப எழுதினாத்தான் உண்டுங்கிறீங்க. நான் எதை நம்புறது?"

நாங்கள் பழகிய எந்தக் கேள்வியும் இப்படி இல்லை. ஹாலில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவள் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். உட்கார்ந்துவிடாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் கை நாற்காலியின் முதுகில் இருந்தது.

பிறகு கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, போன மாசம் அந்தத் தாய் என்கிட்ட வந்திருந்தாங்க. இந்த மாசம் அவங்க மகன் வந்திருக்கார். போன மாசம் நிபந்தனை பத்திரத்துல எங்க இருக்குன்னு நீங்க கேட்டீங்க. அன்னைக்கு என்னால பதில் சொல்ல முடியலை. அந்தக் கேள்விதான் ஐயா இன்னைக்கு என்னோட வாதம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "சரி, மேல சொல்லுங்க" என்றார்.

அவர் விடவில்லை. அடிக்கடி நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் அவள் நின்றாள், கேட்டாள், பதில் சொன்னாள், விட்ட இடத்துக்குத் திரும்பினாள். ஒரு கேள்விக்கு மட்டும், "இதுக்குப் பதில் எனக்குத் தெரியலை ஐயா, பார்த்துச் சொல்றேன்" என்றாள். அதற்கும் அவர் தலையை ஆட்டினார். முடிந்ததும் அவள் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். "இப்ப நீங்க உக்காரலாம்மா" என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. வழக்கு யாருக்கு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. ஆனாலும் தான் தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் தாய்க்குத்தான் சொல்வேன் என்றார். மார்க்கை மட்டும் அவளுக்கு நல்லபடியாகப் போட்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வாசலிலேயே காத்திருந்தாள்.

"ஏத்தா, நீ செயிச்சியா, அந்தம்மா செயிச்சாளா?"

"ரெண்டு பேரும் மதினி."

"அப்படின்னா சரி" என்று சொல்லிவிட்டு, இத்தனை நாளாக வைத்திருந்த கோபத்தை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு என் மனைவி கல்லூரிக்குப் போகாமல் இருந்த நாளே கிடையாது. படித்து முடித்து, சென்னைக்குப் போய் வக்கீலாகப் பதிவு செய்து, அதற்கும் மேலே ஒரு பரீட்சை எழுதி, இப்போது உத்தமபாளையம் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் இருக்கிறாள். முதல் ஒரு வருடம் வாய்தா கேட்பது மட்டும்தான் வேலை. இப்போது சின்னச் சின்ன வழக்குகளை அவளே நடத்துகிறாள். காலையில் போனால் பொழுது சாய்ந்து வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகூட யாராவது கையில் பத்திரத்தோடு வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் பேசும்போது அவள் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறாள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

தோட்டத்தில் வேலை அப்படியேதான் இருக்கிறது. கவாத்து, தளிர், பூ, காய், பழம். பேச்சு மட்டும் இல்லை. ஏலத் தோட்டத்து ஜீப் இப்போது நிற்காமல் போகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவளே, "என்ன மாமா" என்றாள்.

"அந்தத் தாய், மகன் கேசை ஒரு தடவை பேசிக் காட்டேன். சும்மா."

கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "அது தீர்ப்பாகி, அப்பீலுக்குக் கெடுவும் முடிஞ்சிருச்சு மாமா. புதுசா ஏதாச்சும் இருந்தா மனுப் போடுங்க."

என்ன மனுப் போடலாம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். காற்றாடியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் பெரியவர் ஒருவர், கையில் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"வக்கீலம்மா இருக்காகளா?"

"தூங்குறாக" என்றேன். "உக்காருங்க. என்ன விசயம், யாரு மேல கேசு, எப்ப நடந்துச்சு?"